நீல்கிரி மரமும் நம் ஊர் மண்ணும்

மழைக்காலத்தில் மூக்கடைப்புக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கலாம் என்று செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரர் "நீல்கிரி தேல்தானே?" என்று எடுத்து வைப்பார். மராட்டியிலும் இந்தியிலும் யூகலிப்டஸ் மரத்துக்கே நீல்கிரி என்றுதான் பெயர். நான் வேலை பார்த்த காலத்தில் என்னோடு இருந்த மராட்டிய நண்பர் ஒருவர், ரயில் ஜன்னல் வழியாக அந்த மரத்தைக் கண்டால் போதும், "உங்கள் ஊர் மரம்" என்பார். நானும் பல வருடங்கள் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். உண்மையில் அது ஆஸ்திரேலியாவின் மரம். 1843-ஆம் ஆண்டு கேப்டன் காட்டன் என்ற சென்னை இராணுவப் பொறியாளர் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். உதகையில் குடியேறிய வெள்ளையர்களுக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்தது. சோலைக் காடுகள் குறைந்துகொண்டே வந்தன. சீக்கிரம் வளரும் மரம் என்று இதை நட்டார்கள். நூற்றெண்பது வருடங்களில் அந்த மரம் நம் மலையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கக் கூட்டங்களில் காபி நேரத்தில் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "ஊரில் ரெண்டு மூணு ஏக்கர் சும்மா கிடக்கிறது சார், தைலமரம் போட்டுவிடலாமா?" கேட்பவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் முப்பது நாற்பது வருடமாக இருப்பவர்கள். நிலம் திருநெல்வேலியிலோ, சிவகங்கையிலோ, புதுக்கோட்டையிலோ இருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. விற்கவும் மனம் வராது. இந்த நிலையில் "நட்டுவிட்டு மறந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் தேன் பாயத்தான் செய்யும்.

நான் விவசாய விஞ்ஞானி இல்லை. சிவில் என்ஜினீயரிங்கில் டிப்ளமா முடித்து, 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே 38 வருடங்களைக் கழித்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்தத் தைலமரத்தை நானே போட்டுப் பார்த்தவன்.

எங்கள் மூன்றரை ஏக்கர்

எங்கள் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குப் பக்கம். செம்மண் பூமி. அப்பா இருந்தவரை மூன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் ஆடிப்பட்டத்தில் கடலை விதைப்பார். ஊடே துவரை. கடலை எடுத்த பிறகு கொள்ளு. சில வருடம் வரகு. வரப்பில் ஒரு வேம்பு, இரண்டு பனை, ஒரு புளி. கோடையில் ஆட்டுக்காரர்கள் வந்து கிடை போடுவார்கள். பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் வருடா வருடம் ஒரு மூட்டைக் கடலை எங்களைத் தேடி மும்பைக்கு வந்துவிடும்.

அப்பா 2003-இல் காலமானார். தம்பி ஊரில்தான் இருக்கிறான், ஆனால் அவனுக்குக் கடை வியாபாரம். ஒருநாள் போன் செய்தான். "அண்ணே, களை எடுக்க ஆள் கிடைக்கல. கிடைச்சாலும் கூலி கட்டுப்படியாகல. பக்கத்துல எல்லாரும் தைலமரம் போட்டுட்டாங்க. நட்டா அஞ்சு வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். போட்டேன். 2004-இல் கன்று வைத்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிது அல்ல. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் பெரிய அளவில் தைலமரம் வளர்த்து வருகிறது. காகிதக் கூழுக்கு அந்த மரம் தேவை. அதைப் பார்த்துப் பட்டா நிலக்காரர்களும் நட ஆரம்பித்தார்கள். கண்மாய்க்கு நீர் வரும் மேட்டு நிலங்களில் இந்தத் தோட்டங்கள் வந்ததால் கண்மாய்கள் நிரம்புவதில்லை என்று எங்கள் மாவட்ட விவசாயிகள் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அப்போது எனக்கு அது காதில் விழவில்லை. நான் செம்பூரில் இருந்தேன்.

கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009-இல் முதல் வெட்டு. அந்தப் பணம் என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவியது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தளிர்த்து 2014-இல் இரண்டாவது வெட்டு. எடை குறைந்துவிட்டது. மூன்றாவது முறை தழைத்து நின்றபோது, 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. பாதி மரம் ஒடிந்து விழுந்தது. மிச்சத்தை வந்த விலைக்குக் கொடுத்தோம்.

2020-இல் ஓய்வு பெற்றேன். கொரோனா கொஞ்சம் அடங்கிய பிறகு 2021-இல் ஊருக்குப் போய், பழையபடி கடலை போடலாம் என்று இறங்கினேன். கட்டைகளைப் பிடுங்க ஜே.சி.பி. வைத்தோம். அந்தச் செலவு மூன்றாவது வெட்டில் கிடைத்த பணத்தை விழுங்கிவிட்டது. உழுது, விதைத்து, மழைக்குக் காத்திருந்தோம். முதல் மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல், எண்ணெய்த்தாளில் விழுந்தது போல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கடைசியில் போட்ட விதைக்கடலை அளவுகூட வீடு வரவில்லை.

அப்பாவோடு அந்த நிலத்தில் உழைத்த பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருவர், மண்வெட்டியை வாங்கி நாலு இடத்தில் கொத்திப் பார்த்தார். உதிர்ந்த தைல இலைகள் மண்ணுக்குள் மட்காமல், நரம்பு தெரியும்படி அப்படியே கிடந்தன. "நாலு கொத்துக்கு ஒரு மண்புழுகூட இல்ல பாருங்க தம்பி. உங்கப்பா காலத்துல ஒரு கொத்துக்கு நாலு இருக்கும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மண்ணுக்குள் ஒரு கேங்

மும்பைக்குத் திரும்பிய பிறகு, ஓய்வு நேரம் நிறைய இருந்ததால், கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். படித்ததை எனக்குப் புரிந்த ரயில்வே பாஷையில் சொல்கிறேன்.

ரயிலில் போகிறவர்கள் டிரைவரைப் பார்ப்பார்கள், கார்டைப் பார்ப்பார்கள். தண்டவாளத்தோடு தினமும் நடந்து, கழன்ற கீயைத் தட்டி, அமுங்கிய சல்லியைக் கிளறிக் கொடுக்கும் கேங்மேனை யாரும் கவனிப்பதில்லை. அந்த கேங் ஒரு மாதம் வேலைக்கு வராவிட்டால்தான் லைன் என்ன ஆகும் என்பது தெரியும். மண்ணுக்கும் அப்படி ஒரு கேங் உண்டு. மண்புழு, கரையான், மரவட்டை, கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சிகள், பூஞ்சணம், பாக்டீரியா எல்லாம் சேர்ந்த கேங் அது. வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும் என்கிறார்கள். மேலே விழுகிற இலையை மரவட்டையும் கரையானும் கடித்துச் சிறிதாக்குகின்றன. பூஞ்சணமும் பாக்டீரியாவும் அதை மட்க வைத்து, பயிர் உறிஞ்சக்கூடிய சத்தாக மாற்றுகின்றன. மண்புழு போகிற வழியெல்லாம் துளை போடுகிறது. அந்தத் துளை வழியாகத்தான் மழைநீர் உள்ளே போகிறது.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வின் கடைசியாக எழுதிய புத்தகம் மண்புழுவைப் பற்றியது. 1881-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். பத்து டன் என்பது ஒரு பெரிய லாரி லோடு. டீசல் இல்லாமல், கூலி கேட்காமல் நடக்கிற வேலை.

கூலி கேட்பதில்லை என்றேன். ஆனால் சாப்பாடு வேண்டும். உதிர்ந்த இலைதான் அந்த கேங்கின் சாப்பாடு. எந்த இலை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தாராவியில் தோல் தொழிலில் இருந்த நம் பெரியவர்களுக்கு இது நான் சொல்லாமலே புரியும். பச்சைத் தோலை அப்படியே வைத்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். ஆவாரம்பட்டையோ வாட்டில் பட்டையோ ஊற வைத்த தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தினால் வருடக்கணக்கில் கெடாது. பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதற்குமேல் பாக்டீரியாவால் அதை உடைத்துத் தின்ன முடிவதில்லை. தைல இலையிலும் இந்தத் துவர்ப்பு வகைப் பொருள்கள் நிறைய உண்டு. அதோடு தைலம் வேறு. இலையின் மேல் மெழுகுப் பூச்சு வேறு. ஆக, அந்த இலை மண்ணில் விழும்போதே பாதி பதனிட்ட தோலாக விழுகிறது. கேங் பட்டினி கிடக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. நுண்ணுயிர்கள் ஒரு பொருளை வசதியாக மட்க வைக்க வேண்டுமானால், அதில் ஏறக்குறைய 25 பங்கு கரிச்சத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்க வேண்டும். அகத்தி, கிளைரிசிடியா, துவரை போன்றவற்றின் பச்சை இலை இதற்கு ஒத்துவரும். தைலமரமோ ஆஸ்திரேலியாவின் ஏழை மண்ணில் பிழைத்துப் பழகியது. இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும் பங்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே விழுவது பெரும்பாலும் கரிதான். அதை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைக் கடன் வாங்குகின்றன. அந்த நேரத்தில் நாம் பயிர் வைத்தால் பயிர் வெளுத்துப்போகிறது.

இதெல்லாம் போக, நாம் செய்கிற கொள்ளை இருக்கிறது. காட்டு மரம் நூறு வருடம் நின்று, இலையும் பட்டையும் கடைசியில் தன் உடலையும் அதே இடத்தில் போடுகிறது. நாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மொட்டையடிக்கிறோம். மரத்தின் சத்தில் கணிசமான பகுதி இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும்தான் இருக்கிறது. முக்கியமாகச் சுண்ணாம்புச் சத்து பட்டையில். கட்டை ஆலைக்கு, கிளை செங்கல் சூளைக்கு, சருகு அடுப்புக்கு என்று எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்?

"அதுதான் உரம் இருக்கிறதே" என்று செம்பூர்க்காரர்கள் கேட்கலாம். நம் வீட்டு வாசலிலேயே ஆர்.சி.எஃப். இருக்கிறது. 'சுஃபலா' மூட்டை நம் எல்லோருக்கும் தெரியும். உரத்தை நான் குறை சொல்லவில்லை. 15:15:15 என்று மூட்டையில் போட்டிருப்பது தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு. அந்தச் சத்துகளைத் திருப்பிக் கொடுக்கலாம். மண்புழுவையும் அது போடும் துளையையும் மூட்டையில் அடைத்துக் கொடுக்க எந்தத் தொழிற்சாலையாலும் ஆகாது. தண்ணீரே உள்ளே இறங்காத மண்ணில் உரம் போட்டால் அது அடுத்தவன் காட்டுக்குப் போகும்.

ஆராய்ச்சி சொல்வது

இது என் மூன்றரை ஏக்கர் அனுபவம் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். உதகையில் உள்ள மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் தைலமரம் நட்டு, 1970-களிலும் 80-களிலும் தண்ணீரை அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் ஓடைக்கு வந்த நீர் முதல் சுற்றிலேயே சுமார் 16 சதவீதம் குறைந்தது. நீலகிரிப் புல்வெளி என்பது மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் பஞ்சு. அதன்மேல் தைலமரமும் வாட்டிலும் பைனும் நட்டு, "வெற்று நிலத்தைக் காடாக்கினோம்" என்று மகிழ்ந்தார்கள்.

பைன் மரக் கதை இன்னும் வேடிக்கை. வெப்ப நாடுகள் பலவற்றில் பைன் விதையைக் கொண்டுபோய் நட்டபோது, கன்று வெளுத்து நின்றுவிட்டது. அதன் வேரோடு கூடி வாழும் பூஞ்சணம் அந்த மண்ணில் இல்லாததுதான் காரணம். பிறகு பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பின்தான் வளர்ந்தது. ஒரு மரம் என்றால் அதன் கீழே இருக்கும் மண்ணுயிரும் சேர்த்துத்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 1985-இல் யூகலிப்டஸ் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நல்ல மரம், கெட்ட மரம் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இடத்தையும் வளர்க்கும் விதத்தையும் பொறுத்தது என்பதே அதன் சாரம். கர்நாடகத்தில் 1980-களின் கடைசியில் நடந்த நீரியல் ஆய்விலும் அப்படித்தான் தெரிந்தது. ஆழம் குறைந்த மண்ணில் தைலமரம் இயற்கைக் காட்டைவிட அதிகம் குடிக்கவில்லை. ஆனால் ஹொஸகோட்டே பக்கத்து ஆழமான விளைநிலத்தில், பெய்த மழையையும் மிஞ்சி, அடிமண்ணில் சேமித்திருந்த ஈரத்தையும் எடுத்துவிட்டது. அதாவது, எதுவும் விளையாத பொட்டலில் அது பெரிய பாவம் செய்வதில்லை. நல்ல விளைநிலத்தில்தான் பாதகம். நாம் நடுவதோ விளைநிலத்தில்! 2017-இல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்கே தடை போட்டது. 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையே, நீண்ட காலச் சோதனை செய்யாமல் அயல் மரங்களைப் புகுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. எழுதி வைத்ததைப் படிப்பவர்கள்தான் குறைவு.

'அந்நியம்' என்ற சொல்

இந்த இடத்தில் என் மனதை உறுத்தும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "அந்நிய மரத்தை வெட்டி எறி" என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். என் பெரியப்பா 1960-களில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருந்தவர். மண்ணின் மைந்தர் கோஷம் எழுந்த அந்தக் காலத்தில், லுங்கி கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகவே யோசித்ததாகச் சொல்வார். நம்மையும் ஒரு காலத்தில் இந்த ஊரின் மண்ணை உறிஞ்ச வந்த வேற்று மரம் என்றுதான் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாம், ஒரு மரத்தின் பிறந்த ஊரைக் கேட்டு அதற்குத் தண்டனை கொடுக்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. அப்பா விதைத்த கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மிளகாயும் மரவள்ளியும் அப்படியே. சாம்பாருக்கு உயிர் கொடுக்கும் புளி ஆப்பிரிக்காவின் மரம் என்கிறார்கள். சவுக்கும் நம் கரை மரம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவி எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகளைப் பரப்பியதில் எங்கள் ரயில்வேக்கும் பங்கு உண்டு. ஆனால் சவுக்கின் வேர் முண்டுகளில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது. எடுப்பதோடு கொடுக்கவும் தெரிந்த மரம் அது.

நம் மும்பைக் குன்றுகளிலேயே பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் கிளைரிசிடியா மரம் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. மராட்டியர்கள் உந்தீர்மாரி, அதாவது எலிக்கொல்லி என்பார்கள். நம் ஊரில் அதை வரப்பில் வைத்துத் தழையை வெட்டி வயலில் மிதித்தால் அருமையான பசுந்தாள் உரம். அதே மரத்தை, சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று குன்று முழுக்கத் தனியாக நட்டால், வேறு செடிக்கு இடம் இல்லாமல் போகிறது. பறவைக்கும் பூச்சிக்கும் அங்கே வேலை இல்லை. மரம் ஒன்றுதான், வைத்த விதம் வேறு.

சீமைக் கருவேலத்துக்கும் இதே நியாயம். 1877 வாக்கில் வறண்ட நிலத்துக்கு விறகாகக் கொண்டுவரப்பட்டது. ராமநாதபுரத்தில் எத்தனையோ ஏழைகளுக்குக் கரிமூட்டம் சோறு போட்டிருக்கிறது. அது மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கிறது. ஆனால் கண்மாயிலும் ஆற்றிலும் வயலிலும் புகுந்து மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டது. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டு ஊர் ஊராக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வேறு மரம் வைக்காத ஊர்களில் அது மறுபடியும் வந்து நிற்கிறது. 2022-இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

ஆகவே, மரத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியது எங்கிருந்து வந்தாய் என்று அல்ல. மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வாயா, எடுத்ததில் கொஞ்சமாவது திருப்பித் தருவாயா என்று கேட்க வேண்டும். நம் பெரியவர்கள் மும்பைக்கு வந்து உழைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பக்கத்து வீட்டாரோடு கணபதி கொண்டாடினார்கள். இந்த மண் நம்மை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே காரணம்.

இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டபோதுதான் சங்கடமாகிவிட்டது. மூன்றரை ஏக்கரிலிருந்து 15 வருடம் பணம் எடுத்தேன். ஒரு கூடை எருகூடப் போடவில்லை. ஒரு நாள் போய் நிற்கவில்லை. அந்த நிலத்துக்குத் தைலமரம் நான்தான். மரம் என் சார்பில் நின்றது, அவ்வளவே.

என்ன செய்யலாம்?

தைலமரம் போடலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு என் யோசனைகள் இவை.

முதலாவது, கடலையோ கம்போ பயறோ விளையும் நிலமாக இருந்தால் தயவுசெய்து தைலமரம் போடாதீர்கள். கண்மாய் வரத்து வழியிலும் கிணற்றுக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். உங்கள் மரம் குடிப்பது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர். அவர் ஊரிலேயே இருந்து பிழைப்பவர்.

இரண்டாவது, ஏற்கெனவே போட்டிருந்தால், வெட்டும்போது பட்டையை நிலத்திலேயே உரிக்கச் சொல்லுங்கள். இலையும் சிறு கிளையும் அங்கேயே கிடக்கட்டும். தீ வைக்க விடாதீர்கள். ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்க நமக்கு உரிமை உண்டு. நம்மில் எத்தனை பேர் ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறோம்?

மூன்றாவது, தனி மரம் வேண்டாம், கலந்து வையுங்கள். ஹவாய்த் தீவுகளில் யூகலிப்டஸோடு அவரை இனத்து அல்பீசியாவைக் கலந்து நட்டுப் பார்த்தார்கள். மண்ணில் தழைச்சத்துக் கூடியது, யூகலிப்டஸும் நன்றாக வளர்ந்தது. நம் ஊருக்கு வேம்பு, புங்கன், வாகை, முந்திரி, பலா, புளி என்று எத்தனையோ இருக்கின்றன. வருமானம் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் நம்மில் பலருக்கு அந்த நிலம் சோற்றுக்கு இல்லை, பாசத்துக்குத்தான். பாசத்துக்கு அவசரம் எதற்கு?

நான்காவது, இது எல்லாவற்றிலும் சுலபம். நிலத்தை ஊரிலேயே இருக்கும் உறவினருக்கோ, நிலமில்லாத ஒரு குடும்பத்துக்கோ குறைந்த குத்தகைக்கு விடுங்கள். எழுத்துப்பூர்வமாக விடுவது நல்லது. மாடும் ஆடும் உள்ள குடும்பம் கையில் இருந்தால் மண் தானாகத் தேறும்.

எங்கள் நிலத்தில் நாங்கள் இதைத்தான் செய்தோம். 2022-இல் கடலை போடவில்லை. சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொளிஞ்சி, சணப்பு என்று இருபது வகை விதையைக் கலந்து தெளித்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதோம். கண்மாய் வண்டல் அடித்தோம். கோடையில் மறுபடி ஆட்டுக்கிடை போட்டோம். மூன்றாவது வருடம் கடலை வந்தது. அப்பா காலத்து விளைச்சலில் பாதிதான். ஆனால் பெரியவர் மண்வெட்டியால் கொத்தியபோது இரண்டு புழு நெளிந்தது. தம்பி அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பேரன் பிறந்த படத்துக்குப் பிறகு நான் எல்லோரிடமும் காட்டிய படம் அதுதான்.

நம் குழந்தைகளுக்கு ஒரு பாடம்

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊர் மண்ணைப் பார்க்காத நம் பேரக்குழந்தைகளுக்கு இதையெல்லாம் எப்படிக் காட்டுவது? வழி பக்கத்திலேயே இருக்கிறது. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். ஒரு காலத்தில் மும்பையின் குப்பையைக் கொட்டிய மேடு அது. நம்மில் வயதானவர்களுக்கு அந்த நாற்றம் நினைவிருக்கும். 1980-களில் குப்பையின்மேல் மண் போட்டு, பல வகை மரங்களை நட்டு, 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று உள்ளே போனால் பட்டாம்பூச்சியும் பறவையும் சருகு மெத்தையுமாக ஒரு காடு நிற்கிறது.

அடுத்த முறை சங்கத்தின் சார்பில் பிக்னிக் போகும்போது குழந்தைகளை அங்கே அழைத்துப் போகலாம் என்று செயற்குழுவினருக்கு யோசனை சொல்கிறேன். எஸ்ஸெல் வேர்ல்டில் இருந்தது போல் ராட்டினம் இருக்காது. ஆனால் ஒரு குச்சியால் சருகைப் புரட்டிக் காட்டலாம். மேலே முழு இலை, அதன் கீழே பாதி மட்கிய இலை, அதற்கும் கீழே கறுப்பு மண், அதில் ஓடும் மரவட்டை, பூரான், சில சமயம் புழு. மும்பைக் குப்பையிலேயே இவ்வளவு உயிர் திரும்பி வர முடியுமானால், நம் ஊர்ச் செம்மண்ணில் வராதா என்ன?

நாம் எல்லோரும் ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள் அல்ல. நானும் செம்பூரிலேயே கண்ணை மூடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்றரை ஏக்கரில் நாளைக்கு யாரோ ஒருவர் விதைப்பார். அவர் மண்வெட்டியைப் போடும்போது மண் பொலபொலவென்று உதிர வேண்டும். ஆகவே அன்பர்களே, ஊரிலிருந்து போன் வந்து, "ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொன்னால், உடனே போட்டுவிடாதீர்கள். ஒரு நடை ஊருக்குப் போய், நாலு இடத்தில் கொத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

(கட்டுரையாளர் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், செம்பூர்.)